நம் வீட்டுச் சுவரில் நிற்கும் பிளக்

அன்புள்ள சிதம்பரத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, நம்ம வீட்டு பிளக் பாயிண்டுக்கு எந்த அடாப்டர் வாங்கிட்டு வரணும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாய். நான், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்லே, இங்கன எல்லாம் ரெடியா இருக்கு, நீ வந்து சேரு" என்று சொல்லி ரிசீவரை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டாயா, அங்கே இப்போது பகலா ராத்திரியா என்று அவள் வழக்கமான விசாரணையை முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து தலை நரைத்தவன் நான். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்கிற சாட்சிகள் எத்தனையோ பேரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது நானே அப்படி ஒரு சாட்சி ஆகிவிட்டேன். அதனால் மறுபடி கூண்டில் ஏறி, நீ கேட்டதற்கு விவரமாகப் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை கடைக்குப் போய் எதையும் வாங்கிவிடாதே.

நீ கேட்டது என்னவோ பிளக்கைப் பற்றித்தான். அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆறு வருஷமாக நீ வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறாய். முதலில் படிப்பு முடியட்டும் என்றாய். அப்புறம் வேலை நிலைக்கட்டும் என்றாய். அதற்கப்புறம் விசா மாறிக்கொண்டிருக்கிறது, இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றாய். உன் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆட்சேபணை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் உன் தங்கச்சி கோமதிக்கு வரன் அமைந்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்த பிறகுதான் நீ ஒரு தேதி கொடுத்தாய். அதிலும் ஒரு நிபந்தனை. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வருஷக் கணக்கு குழம்பிவிடும் என்று உன் ஆபீசில் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பைக் கொண்டுவந்து இங்கிருந்தே வேலை பார்க்க முடிந்தால் மூன்று வாரம் இருக்கலாம். முடியாது என்றால் தாலி கட்டிய அன்று சாயங்காலமே நெல்லை எக்ஸ்பிரசைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் தேங்காய்ப்பால் சொதி வைத்துப் போடுகிற மறுவீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் கூடப்பிறந்தவன் இருக்கமாட்டான். அன்றையிலிருந்து கரண்ட் போகிறபோதெல்லாம் கோமதியின் முகமும் சேர்ந்து இருண்டுபோகிறது.

அம்மாவோ அந்த மூன்று வாரத்தையும் பங்கு போட்டு முடித்துவிட்டாள். ஒரு நாள் பாபநாசத்தில் குளியல், ஒரு நாள் குற்றாலம், ஒரு நாள் நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாள். சைவக் குடும்பத்துக்குப் பெருமாளிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "பிள்ளையக் கொண்டாந்து சேத்தவரு யாரா இருந்தா என்ன?" என்று ஒரே போடாகப் போட்டாள். மீதி நாள் முழுவதும் நீ சாப்பிட வேண்டியது. லேப்டாப்பில் எப்போது வேலை பார்ப்பாய் என்பதற்கு அவள் திட்டத்தில் இடமே இல்லை. இவ்வளவும் ஒரு பிளக்கை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

பிளக் விஷயத்தில் நம் குடும்பத்துக்குப் பழைய ராசி ஒன்று உண்டு. நீ அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது நான் உன் பெட்டியில் ஒரு மிக்சியைத் திணித்தது ஞாபகம் இருக்கிறதா? "வேண்டாம்பா, கனம் கூடிரும்" என்று நீ ஜங்ஷன் பிளாட்பாரம் வரைக்கும் சொல்லிப் பார்த்தாய். சட்னி இல்லாமல் என் பிள்ளை எப்படி இட்லி தின்பான் என்று நினைத்து, உன் பேச்சை நான் கேட்கவில்லை. அங்கே இட்லிக்கு யார் மாவு ஆட்டப்போகிறார்கள் என்று யோசிக்கவும் இல்லை. போய்ச் சேர்ந்து நீ எழுதிய முதல் கடிதத்திலேயே, "மிக்சி நல்லா ஓடுது" என்று ஒரு வரி இருந்தது. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சாத்தான்குளத்துப் பிள்ளை ஜெபராஜ் லீவில் வந்தபோது, நீ கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் பெருமையாக மிக்சியைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மாமா, அது ஓடும். ஆனா அரைக்காது. அங்கன கரண்ட் பாதிதான வருது? தேங்காயப் போட்டா தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி பைய ஆட்டிக்கிட்டே இருக்கும்" என்றான்.

அவனுக்கு முன்னால் நானும் சிரித்தேன். அவன் போன பிறகு எனக்கு மனசு கனத்துவிட்டது. வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் மனசு நோகக்கூடாது என்று அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. அங்கிருந்து நீ நல்லா ஓடுது என்கிறாய், இங்கிருந்து நாங்கள் நல்லா ஓடுது என்கிறோம். அம்மாவிடம் இன்றுவரை நான் மிக்சி கதையைச் சொல்லவில்லை. அவள் இன்னமும், "ஒரு வருசம் வாரண்டிதான போட்டிருந்தான், பாத்தியளா, எத்தன வருசம் உழைக்குது!" என்று அந்தக் கம்பெனிக்காரனை வாழ்த்திக்கொண்டிருக்கிறாள்.

இப்போது லேப்டாப் கதைக்கு வருகிறேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் போனில் நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். லேப்டாப் சார்ஜர் நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் வரைக்கும் தாங்கும், இரண்டு ஊர் கரண்டும் அதற்கு ஒன்றுதான், மாறுவது பின்னின் வடிவம் மட்டும்தான், அடாப்டர் அந்த வடிவத்தை மாற்றிக் கொடுக்கும், கரண்டை மாற்றாது என்றாய். நான் ஒவ்வொன்றுக்கும் ஊம் கொட்டினேன். ரிசீவரை வைத்ததும் என் கோர்ட்டு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வடிவம் மட்டும்தானே வேறு? அதற்கு என் பிள்ளை ஏன் அங்கே கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்? நம் சுவரை மாற்றிவிட்டால் கேஸ் முடிந்தது. நீ வந்து பெட்டியைத் திறந்து, அமெரிக்காவில் சொருகுவது போலவே இங்கேயும் சொருக வேண்டும். சொருகிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டுத்தான் நான் இவ்வளவும் செய்தேன்.

திருநெல்வேலி முழுக்கத் தேடியும் அமெரிக்கத் தட்டைப் பின் சொருகுகிற பாயிண்ட் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு கடைக்காரர், "அண்ணாச்சி, நம்மூரு பிளக்குக்கு என்ன குறச்சல்?" என்று என்னிடமே வாதாடினார். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும் என்று யாரோ சொன்னதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், அந்த ஊர் வெயிலில் அலைந்து வாங்கி வந்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று, இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்த மூஞ்சி மாதிரி இருந்தது. எலெக்ட்ரீஷியன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். நம் தெருவுக்கே அவன்தான். கல்யாண வீடுகளில் சீரியல் செட் போடுகிறவன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டிருவோம் அண்ணாச்சி. நம்ம தெருவுல அமெரிக்கா பாயிண்ட் வச்ச மொத வீடு ஒங்க வீடுதான்" என்றான். இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

எங்கே மாட்டுவது என்பதில்தான் தகராறு. மாடியில் உன் பழைய மேசை இருக்கிற அறையில் மாட்டலாம் என்று நான் சொன்னேன். காற்றும் வரும், கல்யாண வீட்டுச் சத்தமும் கேட்காது. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுகொண்டாள். "மாடியில வேண்டாம். அவன் மேல ஏறிப்போயி கதவ அடச்சுக்கிட்டு ஒக்காந்தாம்னா நான் எங்கனவச்சு அவனப் பாக்கது? இங்கன, என் அடுப்புக்கு நேரா வையுங்க." அவன் ஆபீஸ் வேலை பார்க்க வருகிறான், நீ தோசை சுடுவதைப் பார்க்கவா வருகிறான் என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "எனக்கு மாடி ஏற முடியலைங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். உனக்கு இது தெரியாது. ஒரு வருஷமாக முட்டிவலியால் அவள் மாடிப்படி ஏறவில்லை. துணி காயப்போடக்கூட கோமதிதான் போகிறாள். நீ போனில் கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பேச்சிமுத்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுக்களைக்கு எதிர்ச்சுவரில் பென்சிலால் கோடு போட்டான்.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம், எல்லாம் ரெடி என்று சொன்னேன். வியாழக்கிழமை அந்த வினை வந்து சேர்ந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற செல்லத்துரை வாத்தியார் மகள் கிரேசை உனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயசில் உன் சைக்கிளைப் பிடுங்கி ஓட்டுவாளே, அவளேதான். அவளும் அமெரிக்காவிலிருந்து கைப்பிள்ளையோடு லீவுக்கு வந்திருக்கிறாள். உலகத்தில் பாதி நாட்டின் பெயர் அச்சடித்த அட்டையோடு ஒரு யூனிவர்சல் அடாப்டர் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு பக்கம் தள்ளினால் தட்டைப் பின் வரும், இன்னொரு பக்கம் தள்ளினால் உருண்டைப் பின் வரும். பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். "மாமா, இது எங்க வீட்டுச் சொவத்துல நிக்கவே மாட்டேங்கு. சொருகுனா விழுது, சொருகுனா விழுது. ஒங்க வீட்டுல அமெரிக்கா பாயிண்ட் போட்டிருக்கிங்களாமே, அப்பா சொன்னாங்க. பிள்ளைக்குப் பால் சூடு பண்ணிக்கிடட்டுமா?" என்று வந்து நின்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாராளமா வாம்மா என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அவள் கையில் பால்புட்டியைச் சுடவைக்கிற ஒரு சின்னப் பாத்திரம். அதில் தண்ணீர் ஊற்றி, புட்டியை உள்ளே வைத்துச் சொருகினாள். சுவிட்சைப் போட்டது நான். போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அட, அமெரிக்கா சாமான் என்றால் என்ன வேகம் என்று நான் வாயைப் பிளந்தேன். அதற்குள் கருகின வாடை வந்தது, படாரென்று பாத்திரம் வெடித்தது, பால் சுவரில் தெறித்தது, வீடு முழுக்க ஃபேன் நின்றுபோனது. கிரேஸ் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டாள். பிள்ளை உன் அம்மாவின் மடியில் இருந்தது. கொஞ்சம் முன்னால்வரை அது அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் தரையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அம்மாதான், அழுகிறதே என்று தூக்கி வைத்திருந்தாள்.

கிரேஸ் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவளுக்கு வந்தது குழப்பம்தான். "எங்க வீட்டுல இதுக்கு கரண்ட கொறைக்கிற டிரான்ஸ்பார்மர் பெட்டி தனியா வச்சுத்தான் போடுவேன் மாமா. அமெரிக்கா பாயிண்ட்டுன்னு சொன்னதும், நீங்க உள்ள அதையும் வச்சுத்தான் மாட்டியிருப்பியன்னு நெனச்சுட்டேன்" என்றாள். அவள் நினைத்ததில் என்ன தப்பு? அந்த ஊர் மூஞ்சியைச் சுவரில் ஒட்டி வைத்தால் அந்த ஊர் கரண்டுதான் வரும் என்று யாரும் நம்பத்தானே செய்வார்கள்? அடாப்டர் என்றால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இது வேற்றூர் சுவர், யோசித்துச் சொருகு என்று அது நமக்கு ஞாபகப்படுத்திவிடும். நான் அந்த ஞாபகத்தையே மறைத்து வைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. பியூஸ் கட்ட வந்த பேச்சிமுத்துவைப் பிடித்து, ஏம்லே நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று எகிறினேன். "நீங்க பாயிண்ட்டத்தான் கேட்டிய அண்ணாச்சி, கரண்ட கேக்கலையே" என்றான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

செல்லத்துரை வாத்தியார் சாயங்காலம் வந்தார். மகளுக்கும் பேத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அவருக்குக் கேலி வந்துவிட்டது. "என்ன வே, பெஞ்சு கிளார்க் அமெரிக்காவ வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீராமே. நாளைக்கு விசா கேப்பீரா, உள்ள வாரதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு அம்மா சுவரில் தெறித்த பாலைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவன் இருக்க ஊரு மாதிரி ஆக்கி வச்சாத்தான் அவன் இங்கன தங்குவானா? நம்ம வீட்டுக்குத்தான வாரான்." எத்தனையோ தீர்ப்பு வாசிக்கக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒன்றைக் கேட்டதில்லை. மறுநாள் காலையிலேயே பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு அந்த மூஞ்சியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். உன் லேப்டாப் அதில் நன்றாகவே ஓடியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் கல்யாண வீட்டில் நூறு கை நடமாடும். யாருடைய கை எதைக் கொண்டுவந்து சொருகும் என்று யார் கண்டது? இப்போது அதே இடத்தில், அடுக்களைக்கு எதிர்ச்சுவரில், நம்மூர் பாயிண்ட் இருக்கிறது.

ஆகையால் நீ ஒரு அடாப்டர் வாங்கத்தான் வேண்டும். எதை வாங்குவது என்று கேட்டாய். கிரேசிடமிருந்து அவளுடைய யூனிவர்சல் அடாப்டரை இரவல் வாங்கி வந்து, சான்றுப் பொருள் மாதிரி மேசையில் வைத்து இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்தேன். நம் வீட்டில் இருக்கிற எல்லா பாயிண்ட்டிலும் சொருகிப் பார்த்தேன். அதன் உருண்டைப் பின் இரண்டும் நம் துவாரத்துக்குச் சன்னம். உள்ளே போகும், பிடிக்காது. மேலே கனம் வேறு, தலை பெருத்த பிள்ளை மாதிரி முன்னால் சாய்ந்துவிடுகிறது. ஒயரை லேசாக அசைத்தாலே உள்ளே பொறி தட்டுகிற சத்தம் கேட்கிறது. நீ ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை பார்க்கும்போது அப்படி விட்டுவிட்டுப் பிடித்தால் அந்த மிஷினுக்கு ஆகாது. அதில் எர்த் பின்னும் கிடையாது. எர்த் இல்லாமல் போட்டால், மேலே தகடு உள்ள சாமானைத் தொடும்போது விரலில் சுர்ரென்று ஏறும். எல்லா ஊருக்கும் ஆகும் என்று சொல்லி வருகிறது, நம் சுவரில் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு அது உதவும். நீ நம் வீட்டுக்கு வருகிறாய்.

எனவே இந்தியாவுக்கென்றே தனியாக விற்கிற ஒன்றைக் கேட்டு வாங்கு. மேலே தடித்த பின் ஒன்று, கீழே சின்னது இரண்டு, மூன்றும் உருண்டை. இதே அமைப்பில் பெரிது ஒன்றும் உண்டு. இஸ்திரிப்பெட்டிக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் நாம் போடுவது. அதை வாங்கிவிடாதே. உன் லேப்டாப் ஒயரின் முனையைப் பார். இரண்டு தட்டைப் பின்னோடு மூன்றாவதாக ஒரு உருண்டைப் பின்னும் இருந்தால், அடாப்டரின் முன்பக்கமும் மூன்றையும் வாங்கிக்கொள்வதாக இருக்க வேண்டும். கொள்ளவில்லை என்று அந்த மூன்றாவது பின்னை வெட்டி எறிந்துவிடாதே. ஜெபராஜ் அப்படித்தான் செய்வேன் என்று சொன்னான். நீயும் அவன் சோட்டாளிதான், அவன் செய்வதைத்தான் செய்வாய். கையில் எடுத்துப் பார்த்தால் கனமில்லாமல் இருக்க வேண்டும், குலுக்கினால் உள்ளே ஒன்றும் ஆடக்கூடாது. முக்கியமாக ஒன்று. அதைப் போட்டுவிட்டோம் என்று தைரியமாகச் சவரம் பண்ணுகிற மிஷின், தலை காயவைக்கிற மிஷின் எதையும் சொருகாதே. முதலில் அதன் அடியில் எழுதியிருப்பதைப் படி. இருநூற்று நாற்பது என்று போட்டிருந்தால் கொண்டுவா, இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு வா. தலை இங்கே வெயிலில் தானாகவே காய்ந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு வாயால் சொன்னால் புரியாது என்று ஒரு வேலை செய்திருக்கிறேன். டேபிள் ஃபேனின் பிளக்கை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் மையில் அழுத்தி, இந்தத் தாளின் பின்பக்கத்தில் குத்தியிருக்கிறேன். திருப்பிப் பார். மூன்று வட்டம் இருக்கும். அதுதான் நம் வீட்டு அளவு. வாங்குவதற்கு முன்னால் அடாப்டரின் பின்னை அந்த மூன்றின்மேல் நேராக வைத்துப் பார். பொருந்தினால் வாங்கு. வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டு முத்திரை குத்திய கை இது, கோணாமல்தான் விழுந்திருக்கிறது. பக்கத்தில் கலங்கலாக இன்னொரு மூன்று வட்டம் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதே. நானும் குத்துதேன் என்று அம்மா வாங்கிக் குத்தியது.

இனி, போனில் நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாம் நன்றாக ஓடவில்லை. சாயங்காலம் தெருவெல்லாம் விளக்குப் போட்டதும் நம் பல்பு கண் சொக்க ஆரம்பித்துவிடும். ஆடிக் காற்றில் மரக்கிளை விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆவணியில் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஈமெயில் அனுப்பப் போன் லைன் வேண்டும் என்றாயே, நம் லைன் தூறல் விழுந்தால் செத்துவிடும். ஜங்ஷனில் இன்டர்நெட்டுக்கென்று புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், போய் விசாரித்தேன். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி. எனக்கு நீ இல்லாமல் இந்தக் கல்யாண வேலையை இழுத்துக்கொண்டு ஓடுவது மலைப்பாக இருக்கிறது. இவ்வளவையும் படித்துவிட்டு மூன்று வாரமா, ஒரே நாளா என்று நீயே முடிவு செய். என் பொய்யை நம்பி வந்து, நடுவில் வேலை கெட்டு, எங்களுக்காகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்காதே. ஒரு மிக்சி போதும். அங்கேயும் ஓடாதது எது என்று இனிமேல் எனக்கு எழுது. என் பிள்ளை என்ன சாப்பிடுகிறான், எதற்குக் கஷ்டப்படுகிறான் என்று ஊரான் பிள்ளை வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

கோமதியிடமும் பேசிவிட்டேன். அண்ணன் அன்றைக்கே கிளம்பும்படி ஆனாலும் ஆகலாம் என்றேன். "மாப்பிள வீட்டுல சொல்லி மறுவீட்டுச் சொதிய தாலி கட்டுன அன்னைக்கே வைக்கச் சொல்லுங்க. முறை மாறுனா மாறிட்டுப் போகுது. அண்ணன் சாப்பிட்டுட்டுப் போவட்டும்" என்றாள். சம்பந்தி வீட்டில் கேட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் சம்மதித்துவிட்டார்கள். எனவே சொதி விஷயத்தில் உனக்கு இனி எந்த நெருக்கடியும் இல்லை.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எத்தனை நாள் இருந்தாலும் சரி, போகும்போது அந்த அடாப்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடாதே. எல்லா நாட்டுக்கும் ஆகிறதை வாங்கினால், வேறு ஊருக்கு உதவும் என்று கையோடு எடுத்துப்போவாய். இது நம் வீட்டுச் சுவருக்கு மட்டும்தான் ஆகும். அமெரிக்காவில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அடுக்களைக்கு எதிரே அது சொருகினபடியே இருக்கட்டும். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவை நீ ஒயரை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

அப்பா